நாற்பத்தொரு காசின் மூக்கு

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் ஒரு லிட்டர் பெட்ரோல் மூன்று ரூபாய் நாற்பத்தொரு காசுக்கு விற்றது. அந்த ஒரு காசு என்னைப் பாடாய்ப் படுத்தியது. நாற்பது என்று வைத்தால் யார் குடி முழுகிவிடும்? கத்தரிக்காய் விற்கிறவள்கூட நாலணா, எட்டணா என்று முழுசாக விலை சொல்கிறாள். இத்தனை பெரிய கம்பெனிக்கு ஒரு காசில் என்ன ஆசை?

பங்க் என் அக்காவுடையது. அவள் கணவர் ராணுவத்தில் இருந்து இறந்துபோனவர். அதற்காக அரசாங்கம் பார்த்து அவளுக்குக் கொடுத்தது, முத்தியால்பேட்டையைத் தாண்டிப் போகும் சாலையில். நான் பி.காம். முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். பெண் பிள்ளை தனியாக உட்கார வேண்டாமென்று அப்பா என்னையும் துணைக்கு அனுப்பினார். பில் எழுதுவது என் வேலை. கேள்வி கேட்டு ஆளைக் கொல்வது என் சுபாவம்.

லோடு கொண்டுவரும் டேங்கர் டிரைவரைக் கேட்டேன். "ஏத்திக்கினு வரதுதாம்மா என் வேல. வெலய டெல்லில போயி கேளு" என்றார். டெல்லிக்கு எங்கே போவது? மேற்பார்வைக்கு வந்த கம்பெனி அதிகாரியைப் பிடித்துக்கொண்டேன். அவர் நல்ல மனிதர், காப்பி குடித்தபடி பொறுமையாகச் சொன்னார். பெட்ரோலுக்கு யாரும் ஒரு விலை வைப்பதில்லையாம். அடக்க விலை ஒன்று, அதன் மேல் தீர்வை, சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வரும் வண்டிக்கூலி, நம்ம ஊர் விற்பனை வரி, கடைசியில் விற்கிறவர் கமிஷன். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வாலோடு வருகிறது. எல்லா வாலையும் கூட்டினால் இப்படித்தான் சொச்சம் நிற்கும். வெட்டிவிடுவதற்கு நடுவில் யாருக்கும் அதிகாரம் கிடையாது. அக்காவின் கமிஷன் எவ்வளவு என்று கேட்டேன். அதுவும் லிட்டருக்குச் சில காசுகள்தான் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் கேலி செய்த சில்லறையில்தான் நாங்கள் சோறு தின்றுகொண்டிருந்தோம்.

அந்தச் சோற்றுக்கும் ஆபத்து வந்தது. விலை ஏறி நாற்பத்தொன்றான நாளிலிருந்து வண்டிகள் குறைந்தன. தினமும் வருகிற ஸ்கூட்டர்கள் எங்களைத் தாண்டிப் போய் அடுத்த பங்க்கில் நின்றன. எல்லா பங்க்கிலும் ஒரே விலைதான், ஒரே பெட்ரோல்தான். பிறகு ஏன்? முன்பணம் கட்டினால்தான் அடுத்த லோடு வரும், விற்றால்தான் கட்ட முடியும். அக்காவின் கொழுந்தன் வேறு வாரம் தவறாமல் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பொம்பளைங்களுக்கு எதுக்கு அண்ணி இந்த தலவலி? லோடு எடுக்க முடியலன்னா எம்பேர்ல எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா அம்மா வீட்ல இருங்க" என்பார். அவர் போன பிறகு அக்கா கல்லாவைத் திறந்து பார்த்து மூடுவாள். எனக்கு அந்த ஆளை நாற்காலியோடு தூக்கி சாலையில் வைக்கலாம் போலிருக்கும்.

ஒருநாள் மார்க்கெட்டில் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் எதிரே வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காதே. "ஏண்ணே, இப்பல்லாம் நம்ம பங்க் பக்கமே வர்றதில்ல?" என்று கேட்டேவிட்டேன். அவர் நெளிந்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. எல்லா எடத்துலயும் நாப்பத்தொண்ணு, உங்கக்கா நாப்பத்தேழு போட்டிருக்குது. புருஷன் இல்லாத பொண்ணு, கொஞ்சம் கூடத்தான் வெச்சி விக்கும், பாவம். அதப் போயி கேக்க முடியுமா? அதான் பேசாம போயிடறது."

"நாப்பத்தேழா? எங்க போட்டிருக்கு?"

"போர்டுலதான்!"

ஓட்டமாக வந்து, ஸ்கூட்டர்கள் வரும் பக்கத்தில் நின்று எங்கள் போர்டைப் பார்த்தேன். நாற்பத்தேழு. சந்தேகமே இல்லை. எழுதியவர் அப்பா. அவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பிரெஞ்சு காலத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் கையில் ஒன்று என்பது வெறும் கோடு அல்ல, கோட்டின் உச்சியிலிருந்து முன்னால் நீளமாக ஒரு மூக்கு இறங்கும். அதைப் பார்த்தே வளர்ந்த எங்கள் வீட்டுக் கண்ணுக்கு அது ஒன்று. மற்ற ஊர் முழுக்க அது ஏழு.

ஒரு லிட்டரில் அக்கா பார்ப்பதே சில காசுகள். அதற்குள் ஊரார் அவளுக்கு ஆறு காசு திருட்டுப் பட்டமும், கூடவே பரிதாபமும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பரிதாபம்தான் எனக்கு அதிகமாக எரிந்தது.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கத்தினேன். அவர் அசரவில்லை.

"நோ, நோ. ஏழுன்னா இடுப்புல ஒரு கோடு இருக்கணும், அரைஞாண் கட்டின மாதிரி. கோடு இல்லாதது எப்படி ஏழாவும்? படிக்கத் தெரியாதவனுக்கு நான் என்ன செய்ய?"

"உங்க அரைஞாண் ஊருக்குத் தெரியாதுப்பா! அக்கா பங்க் போவப் போவுது!"

ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை நாங்கள் பங்க்கைத் திறக்கும்போது அப்பா வந்தார். இஸ்திரி போட்ட பேண்ட், சட்டை, தலையில் தொப்பி. உள்ளே வராமல் சாலை ஓரமாகப் போய் நின்றுகொண்டார். முதல் ஸ்கூட்டர் வந்ததும் கையைத் தூக்கி, "முசே! நாப்பத்தொண்ணு! நாப்பத்தேழு இல்ல, நாப்பத்தொண்ணு!" என்று பிரெஞ்சு மரியாதையோடு ஐயா போட்டுக் கூவினார். வாழ்நாளில் கடையில் பேரம் பேசக்கூட வெட்கப்பட்ட மனிதர். கீரைக்காரர்போல வெயிலில் நின்று விலை கூவுகிறார். சிலர் சிரித்தார்கள், சிலர் வண்டியைப் பங்க்குக்குள் திருப்பினார்கள்.

அக்கா போய்த் தோளைத் தொட்டாள். "போதும்ப்பா. உள்ள வாங்க."

"எழுதினது நான். நான்தான படிச்சிக் காட்டணும்?" என்றார். தொண்டை கட்டியிருந்தது.

மத்தியானம் அவரே ஏணி கேட்டு ஏறி, கறுப்புப் பெயிண்டால் அந்த மூக்கை அழித்தார். இறங்கி வந்து, "மூக்கறுத்தாச்சு, போதுமா?" என்று என்னைப் பார்த்து முறைத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வண்டிகள் மெல்லத் திரும்பி வந்தன. லோடுக்குப் பணமும் கட்டினோம். அடுத்த வாரம் கொழுந்தன் வந்தபோது வரிசை நின்றது, நாற்காலி இழுத்துப் போட இடமில்லை. வந்ததற்கு ஒரு லிட்டர் போட்டுக்கொண்டு, அக்காவிடம் மூன்றரை ரூபாயை நீட்டி, "மீதிய வெச்சிக்குங்க அண்ணி" என்று பெரிய மனது பண்ணிக் கிளம்பினார்.

அக்கா அவரை நிறுத்தினாள். கல்லாவைத் துழாவி ஒரு அஞ்சு காசும் இரண்டு ரெண்டு காசும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தாங்க தம்பி. இது உங்களுது. பங்க் என்னுது."