பின் இடது கதவு

பேய் நள்ளிரவில்தான் வர வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. எனக்கு வந்தது பட்டப்பகலில். மதியம் 2:40க்கு, சாப்பிட்டுக் கழுவிய கை காய்வதற்குள். புருடா விடுகிறேன் என்று நினைப்பவர்கள் என் கடைக்கு வாருங்கள். அந்தத் திரை இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. அதைத் தூக்கிப் போடவும் எனக்குத் தைரியம் இல்லை, தொடவும் தைரியம் இல்லை.

கார் மீட்டர் ரிப்பேர் என் தொழில். ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகம், பெட்ரோல், ஓடிய தூரம் எல்லாம் காட்டுமே, அந்த மீட்டர். பதினெட்டு வருடமாக இதே வேலை. கையில் வித்தை உண்டு, பொறுமைதான் கிடையாது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அன்று மேசைமேல் இருந்தது என் அண்ணியின் கார் மீட்டர். நடுவில் இருக்கும் சின்னத் திரையில் பாதிக் கோடுகள் அழிந்துபோய், 8 எல்லாம் 3 ஆகத் தெரிந்தது. சால்டர் பற்றவைப்பு விட்டிருக்கும் என்று ஒவ்வொரு இணைப்பாகச் சூடுகாட்டிப் பார்த்தேன். ம்ஹூம். திரையே போய்விட்டது. புதிதாகக் கிடைக்காத மாடல். பழைய கார்களை உடைத்து விற்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் கண்ணாடி அத்தனை தடிமன், அதனால் அவருக்கு எங்கள் வட்டாரத்தில் 'சோடாபுட்டி' என்றே பெயர். அவரிடம் அதே மாடல் மீட்டர் ஒன்று வாங்கி வந்தேன்.

அதன் பின்மூடியைக் கழற்றி, திருப்பிக்கூடப் பார்க்காமல் அட்டைப்பெட்டியில் வீசினேன். திரையை மட்டும் எடுத்தேன். அதன் மூலையில் விரல்நகம் அளவுக்குக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. யாரோ ஒட்டிய குப்பை என்று சுரண்டி எறிந்துவிட்டு, திரையை அண்ணியின் மீட்டரில் பொருத்தினேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். திரை என்பது வெறும் கண்ணாடி. அதற்கு ஞாபகம் கிடையாது. ஞாபகமெல்லாம் உள்ளே இருக்கும் போர்டில்தான். போர்டு சொல்வதைத் திரை காட்டும். போர்டு அண்ணியுடையது, திரை மட்டும்தான் வெளியார்.

மூன்று வயரை மாட்டிக் கரண்ட் கொடுத்தேன். திரை பளிச்சென்று வந்தது. கரண்ட் போய் வந்தால் கடிகாரம் 12:00இல் தொடங்க வேண்டும். இது 4:21 என்றது. கீழ் மூலையில், மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு குட்டிக் கார் படம். அதில் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. பின் இடது கதவு.

டிங்... டிங்... டிங்...

எந்தக் கதவு? மேசையில் ஏது கதவு? அண்ணியின் கார் வாசலில் மீட்டர் இல்லாத பொந்தோடு நிற்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேக முள் மெல்ல ஏறியது. முப்பது. ஐம்பது. எழுபதுக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஒரு பயணத்தின் தூரத்தை மட்டும் காட்டும் ட்ரிப் மீட்டர் 0.0இலிருந்து ஓட ஆரம்பித்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நான் நகரவே இல்லை. கடிகாரமும் 4:21ஐ விட்டு நகரவில்லை. 6.2 வந்தது. டக். முள் பூஜ்யத்தில் விழுந்தது. சத்தமும் நின்றது.

அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே கதவு. அதே 6.2.

கரண்டைப் பிடுங்கினேன். திரை அணையவில்லை. ஒன்று... இரண்டு... பத்து வரை எண்ணினேன். எண்கள் போயின. கதவுப் படம் மட்டும் கடைசியாகப் போனது.

மீட்டரை மேசையின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தேன். ஆனாலும் ரிப்பேர்க்காரன் புத்தி இருக்கிறதே, ஏதோ லீக்கேஜ் கரண்ட் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

3:55க்கு அண்ணி வந்துவிட்டார். கூடவே அண்ணன் மகள், ஏழு வயது. வீட்டில் அவளை எல்லோரும் 'வாலு' என்போம். எனக்குப் பிள்ளை இல்லை. அவள்தான் எனக்கு எல்லாம்.

"முடிஞ்சுதா தம்பி? உங்க அண்ணன் நாலரைக்கு ஸ்டேஷன்ல இறங்கிடுவாரு. கொஞ்சம் லேட்டானாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு."

மீட்டரைக் காரில் மாட்டினேன். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. கடிகாரத்தைக்கூடச் சரியாக வைக்க முடிந்தது. கதவுப் படம் மட்டும் போகவில்லை. நான்கு கதவையும் அறைந்து சாத்தியும் போகவில்லை.

"இது என்ன தம்பி, கதவு திறந்திருக்குன்னு காட்டுது?"

"ஒண்ணுமில்ல அண்ணி. சும்மா காட்டுது. பத்து நிமிஷம் குடுங்க."

முறையாகப் பார்த்தால் அரை நாள் வேலை. அண்ணியோ காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றார். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. அணையாத விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, சத்தம் போடும் பஸ்ஸரின் ஒரு காலை வெட்டிவிடுவோம். கஸ்டமருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. அதைத்தான் செய்தேன். வண்டியை ஒப்படைக்கும்போது ட்ரிப் மீட்டரை 0.0 ஆக்குவது என் பழக்கம். அதையும் செய்தேன்.

மனசு மட்டும் கேட்கவில்லை. "நானும் கூட வர்றேன் அண்ணி."

"ஏன், உங்க வேலைமேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தார்.

4:15க்குக் கிளம்பினோம். நான் முன்னால். வாலு பின்னால், இடது பக்கம். பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன். கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது.

மூன்று கிலோமீட்டர் வரை அவள் வாய் ஓயவில்லை. பிறகு பேச்சு நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

5.7. சாலை காலியாக இருந்தது. அண்ணி எழுபதில் போனார்.

டிங்...

பஸ்ஸரின் காலை வெட்டியவன் நான்.

டிங்... டிங்...

"என்ன தம்பி சத்தம்?"

திரையின் மூலையைப் பார்த்தேன். டேப்பின் ஓரங்களில் வெளிச்சம் கசிந்தது. 6.0.

"அண்ணி, நிறுத்துங்க."

"இங்கயா? வளைவுல எப்படி..."

"நிறுத்துங்க!"

6.1. பின்னால் பாய்ந்து வாலுவின் கையைப் பிடித்தேன்.

கதவு திறந்தது.

காற்று உள்ளே அடித்தது. அவள் உடம்பு பாதி வெளியே போய்விட்டது. என் கையில் அவள் மணிக்கட்டு மட்டும்.

பிரேக்.

6.2.

4:21.

இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அண்ணி இறங்கி அலறிக்கொண்டே சுற்றி ஓடி வந்தார். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கண்ணை விரித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "பெல்ட்ட நான் கழட்டல சித்தப்பா," என்றாள். "சத்தியமா நான் கழட்டல."

மறுநாள் அந்தத் திரையைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டு, ஒரு மெக்கானிக்கிடம் கதவைக் காட்டினேன். பூட்டில் ஒரு கோளாறும் இல்லை என்றார். பெல்ட்டிலும் இல்லை. நேராகச் சோடாபுட்டியிடம் போனேன்.

"அண்ணே, அந்த மீட்டர் எந்த வண்டில இருந்தது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வண்டிக்கு ஒண்ணும் ஆகலப்பா. ஸ்கூல் விட்டு வர்றப்ப, ஒரு வளைவுல, பின் கதவு திறந்துடுச்சாம். சின்னப் பொண்ணு. அந்த வண்டிய வீட்டுல வெச்சுக்க மனசு வரல, ஒடச்சுடுங்கன்னு குடுத்துட்டாங்க."

எந்த வளைவு என்று நான் கேட்கவில்லை.

"அவங்கப்பா ஒண்ணையே திரும்பத் திரும்பச் சொன்னாருப்பா. அன்னிக்குத்தான் மீட்டர சரி பண்ணி எடுத்துட்டு வந்தோம், கதவு திறந்திருந்தா காட்டியிருக்குமே, ஏன் காட்டலன்னு."

கடைக்கு வந்து ஷட்டரை இறக்கினேன். அட்டைப்பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன். அந்தப் பின்மூடி கிடைத்தது. திறந்த ஒவ்வொரு மீட்டரின் பின்மூடிக்கு உள்பக்கமும் தேதியும் செய்த வேலையும் எழுதிவைப்பது ரிப்பேர்க்காரர்கள் வழக்கம். ஆளுக்கு ஒரு நிறம். நான் எழுதுவது பச்சை மையில்.

மூடியைத் திருப்பினேன்.

பச்சை மை. இரண்டு வருடம் முந்தைய தேதி. கீழே என் கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: "பின் இடது கதவு விளக்கு அணையவில்லை. டேப் ஒட்டியது. பஸ்ஸர் கட்."

அந்த வண்டியைக் கொண்டுவந்தவர் முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவரும் அவசரத்தில் இருந்திருப்பார். பின்சீட்டில் ஒரு குழந்தை இருந்திருக்கும். வண்டியை ஒப்படைக்கும் முன், பழக்கப்படி, ட்ரிப் மீட்டரை 0.0 ஆக்கியிருப்பேன்.