மூன்று மணி நேரப் பயணம்

கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கராக இருந்தபோது தந்தி வந்தது. தலைப்பிரசவத்துக்குத் திருச்சிக்குப் போயிருந்த என் மனைவிக்குப் பெண் பிறந்துவிட்டது, தாய்க்கு ஜன்னி, உடனே வரவும் என்றிருந்தது. புதன்கிழமை மத்தியானம்.

அவளுடைய அண்ணன் பக்கத்து ஊரான அம்பிட்டியவில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆள் அனுப்பியதும் ஓடி வந்தார். சாயந்திர ரயிலில் புறப்பட்டால் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மறுநாள் ராத்திரி திருச்சியில் இறங்கிவிடலாம்.

தோட்டத்துத் துரை வேறு வழி சொன்னார். கொழும்பு இரத்மலானையிலிருந்து வியாழன் காலை தபால் விமானம் திருச்சி வழியாகப் போகிறது; தபால் பைகளோடு ஓர் ஆளுக்கு இடம் கேட்டு வாங்கித் தருகிறேன், மூன்றே மணி நேரம் என்றார்.

"மாப்பிள்ளை, ரெண்டு பேரும் ரயில்லயே போயிருவோம்," என்றார் மச்சான்.

எனக்கு அவசரம். அவரைக் கண்டி ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு நான் கொழும்புக்குப் போனேன்.

வியாழன் விடியும்போதே ஐப்பசி மழை கொட்டியது. விமானம் மைதானத்தில் நனைந்துகொண்டு நின்றது. மழை விட்டதும் கிளம்பும் என்றார்கள். பத்து மணிக்கும் அதையே சொன்னார்கள், நாலு மணிக்கும் அதையே. அன்று சாயந்திரமாவது நான் ரயிலுக்குப் போயிருக்கலாம். போனபிறகு மழை விட்டுவிட்டால் என்ன செய்வதென்று நினைத்து உட்கார்ந்தே இருந்தேன்.

வெள்ளி மத்தியானம் அங்கிருந்த உத்தியோகத்தர் என்னைக் கூப்பிட்டு, தோட்டத்திலிருந்து டெலிபோன் வந்ததாகச் சொன்னார். விடியற்காலை அவள் போய்விட்டாள்.

சனிக்கிழமை வானம் வெளுத்தது. விமானம் கிளம்பியது. துரை சொன்னபடியே மூன்று மணி நேரத்தில் திருச்சியில் இறங்கினேன். அதற்குள் முதல் நாளே எரித்துவிட்டிருந்தார்கள். கொள்ளியை மச்சானே வைத்திருந்தார்.

முப்பதாம் நாள் காரியம் கழிந்து மச்சானும் நானும் பிள்ளையோடு திரும்பும்போது, கப்பலேறுமுன் நோய்ச் சோதனைக்காக மண்டபம் முகாமில் எங்களை நிறுத்திவைத்தார்கள். பக்கத்து அறையில் இருந்த ஒரு தோட்டத்துப் பெண் தன் பிள்ளையோடு எங்கள் பிள்ளைக்கும் பால் கொடுத்தாள். அங்கேதான் மச்சானிடம் கேட்டேன், என் மனைவி கடைசியில் என்னைக் கேட்டாளா என்று.

"கேட்டுச்சு. ஏரோப்பிளேன்ல வர்றாரு, காலையிலயே எறங்கியிருப்பாருன்னு சொன்னேன். அப்ப உனக்கு முன்னாடியே வந்திருக்கணுமேன்னுச்சு, மாப்பிள்ளை."

அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அம்பிட்டியவில் அவரும் அவர் மனைவியும்தான் பிள்ளையை வளர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். பிள்ளை அவரை அப்பா என்று கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை.