லாரிக்குப் பெட்ரோலா?

சொந்த அண்ணனைப் பற்றி இப்படி எழுதலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அண்ணன் செய்யலாம், நான் எழுதக்கூடாதா?

அப்பா இறந்த மூன்றாம் மாதம் பத்திர ஆபீசுக்குப் போய், கீரமங்கலத்து வீடும் தோப்பும் அண்ணனுக்கே என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பக்கம் பெண்பிள்ளைகள் அப்படித்தான் போட்டுக்கொடுப்பது வழக்கம். போடாதவளுக்குப் பிறந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காது. ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டேன். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், தோப்புக் கொட்டகையில் நிற்கிற அப்பாவின் லாரி. "அதுக்கென்ன, எடுத்துக்க" என்று அண்ணன் அன்றைக்குத் தலையாட்டினார்.

அது இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பழைய லாரி. ஆறு சிலிண்டர், பெட்ரோல் எஞ்சின். அந்த மாதிரி லாரி வைத்திருந்தவர்கள் எல்லாரும் பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் எஞ்சினை மாட்டிக்கொண்டார்கள். அப்பா ஓட்டுவதை நிறுத்தினாரே தவிர எஞ்சினை மாற்றவில்லை. எனக்கு இது எப்படித் தெரியும்? சின்ன வயதில் அந்த எஞ்சினின் ஆறு பிளக்கையும் அப்பாவுக்குத் துடைத்துக் கொடுத்தவள் நான். அண்ணன் படிக்கிற பிள்ளை, சட்டையில் கறை படக்கூடாது. எனக்குப் பட்டால் பரவாயில்லை.

போன மாதம் அண்ணன் போன் செய்தார். கொட்டகையைப் பிரித்துக் கோழிப்பண்ணை போடப்போகிறாராம்.

"அறந்தாங்கியிலேருந்து பழைய இரும்புக்காரரு திங்கக்கெழம வர்றாரு. சொல்லணும்ல, அதான் சொன்னேன்."

"அண்ணே, அது என் லாரி."

"அது அப்பா எஞ்சினே இல்லத்தா. எப்பவோ டீசல் எஞ்சின் மாத்தியாச்சு. ஓடாத இரும்ப வச்சு என்ன பண்ணப்போற?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் அவர், "சரி, ஆர்சி புக்குல இருக்கிற நம்பரு எஞ்சின்ல இருக்கணும். ஞாயித்துக்கெழமக்குள்ள ஓட்டியும் காட்டணும். காட்டிட்டா ஒன் லாரி" என்றார். கொடுத்ததையே மறுபடி ஜெயித்து வாங்கவேண்டுமாம். என்ன அநியாயம்!

சனிக்கிழமை காலையிலேயே ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். அண்ணன் ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொண்டு நின்றார். அந்த ஆள் கொட்டகைக்குள்ளே கால் வைப்பதற்கு முன்பே, "லாரின்னா டீசல்தாங்க டீச்சர்" என்றார்.

"கண்ணத் தொறந்து பாருங்க. டீசல் எஞ்சினுக்கு ஏதுங்க பிளக்கு? இந்தா ஆறு பிளக்கு. இந்தா ஒயரு. இந்தா கார்புரேட்டரு. டீசல் பம்பு எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்."

அவர் குனிந்து பார்த்தார். எஞ்சினின் பக்கவாட்டில் நம்பர் அடித்த இடம் கிரீஸும் மண்ணுமாக மூடிக் கிடந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அழுத்தித் தேய்த்து, மேலாகத் துடைத்தேன். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்று, நம்பர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஆர்சி புக்கை அண்ணன் கையில் கொடுத்து, நான் வாசிக்க வாசிக்க அவரைச் சரிபார்க்கச் சொன்னேன். ஒரு எழுத்து மாறவில்லை.

"சரி, ஓடணும்ல?" என்றார்.

பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றினேன். பிளக் ஓட்டைகளில் கொஞ்சம் ஆயில் விட்டு, முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். எஞ்சின் இறுகாமல் சுற்றியது. எனக்கு உயிர் வந்தது. மெக்கானிக்கும் இப்போது மனது மாறி, டயர்களுக்குக் காற்றடித்து, டிராக்டர் பேட்டரியைக் கொண்டுவந்து ஒயர் கொடுத்தார். டேங்கைக் கழுவிக் காயவைத்துவிட்டு அண்ணனிடம் கேனை நீட்டினேன்.

"அஞ்சு லிட்டர் பெட்ரோல் வாங்கிட்டு வாங்கண்ணே."

வாங்கி வந்து அவரே ஊற்றினார். நான் அப்போது கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். வந்து கைப்பிடியைச் சுற்றினேன். சுற்றினேன், சுற்றினேன், தோள்பட்டை கழன்றுவிடும்போல் சுற்றினேன். இரண்டு தும்மல், கொஞ்சம் வெள்ளைப் புகை, அவ்வளவுதான். "செத்த எஞ்சின்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்று அண்ணன் கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டார். கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்து விரலை விட்டு மோந்து பார்த்தேன்.

டீசல்!

"என்னண்ணே ஊத்துனீங்க?"

"லாரிக்குப் பெட்ரோல் கேட்டா பங்க்ல சிரிக்கமாட்டானா? நான் பன்னெண்டு வருசம் குவைத்துல ஹெவி வண்டி ஓட்டுனவன். எனக்குத் தெரியாதா?"

நம்பரைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார். இருந்தும் பங்க்காரன் சிரிப்பான் என்று டீசல் வாங்கி வந்திருக்கிறார். அன்றைக்கு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அண்ணி டீ டம்ளரோடு வந்தவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பேனரைத் துடைத்தார்.

திட்டிக்கொண்டேதான் வேலையும் செய்தேன். டேங்கை வடித்து, பைப்பை ஊதி, கிண்ணத்தைக் கழுவினேன். ஒட்டியிருந்த டீசல் போக ஆறு பிளக்கையும் அண்ணியின் கேஸ் அடுப்பில் வைத்துச் சுட்டேன். மறுபடி அவரை பங்க்குக்கு அனுப்ப எனக்கென்ன பைத்தியமா? என் ஸ்கூட்டரிலிருந்து டியூப் போட்டுப் பெட்ரோலை உறிஞ்சினேன். வாயெல்லாம் எரிந்தது.

நாலாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தடதடவென்று இல்லை, பெட்ரோல் எஞ்சினுக்கே உரிய மெல்லிய சத்தம். கொட்டகைத் தகரம்கூட அதிரவில்லை. "டீச்சர், தையல் மிஷின் கணக்கா ஓடுதுங்க!" என்று மெக்கானிக் கத்தினார். நான் வாய்விட்டு அழுதேன்.

அண்ணன் கிட்டே வந்தார். லாரியின் மட்கார்டைத் தடவினார். அதை அவர் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

"ஓடுற வண்டின்னா கத வேறத்தா. இத இரும்புக்குப் போடக்கூடாது. சென்னையில இதுக்குன்னே ஆளுக இருக்காங்க. பாத்துப் பேசுவோம். ஒனக்கும் ஏதாச்சும் செய்யிறேன்."

எனக்கும் ஏதாச்சும்!

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். என் வீடு நாலு கிலோமீட்டர். ஸ்கூட்டரில் இருந்த பெட்ரோல் முழுக்க இப்போது லாரி டேங்கில்தான் இருந்தது. முதல் கியரைப் போட்டேன். அண்ணன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கொட்டகை வாசலில் முன்னால் வந்து நின்றார்.

"எறங்கு. சொல்றதக் கேளு. எறங்குன்றேன்."

"அண்ணே, நான் எஞ்சின மட்டுந்தான் சரி பண்ணிருக்கேன். பிரேக்க இன்னும் பாக்கல" என்று சொல்லிவிட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்தேன்.

நகர்ந்துகொண்டார்.