பெட்டி தங்கம், ஒயர் எமன்

காரின் முன்மூடியைத் தூக்கி, பேட்டரியின் கறுப்பு ஒயரைக் கழற்றி, அதன் முனையில் ஒரு குழந்தைக் காலுறையை மாட்டுகிறார் இடியக்கா. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். மகளுடையது, மகளுக்கு இப்போது இருபத்தொரு வயது. "ஒயர் தானா போயி பேட்டரியத் தொட்டுடக் கூடாது பாருங்க" என்கிறார்.

கார்களுக்குள் இடிமுழக்கமாய்ப் பாட்டு அதிரும் ஸ்பீக்கர்கள் பொருத்துவதால் வந்த பெயர். ஆளோ, பக்கத்து நாற்காலிக்கே சிரமப்பட்டுக் கேட்கும் குரலில் பேசுவார். நெற்றியில் ஒரு கண்ணாடி, கழுத்தில் ஒரு கண்ணாடி; தேடுவதோ மூன்றாவதை.

காரோடு வரும் ஸ்டீரியோவைப் பிடுங்கி எறிவது அவருக்குப் பிடிக்காது. பெரும்பாலும் அதில் ஆம்ப்ளிஃபையருக்கென்று தனி வழி இருக்காது. பின் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்து கிளை பிரித்து, அதில் வரும் மின்சாரத்தைத் தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவியில் மட்டுப்படுத்தி, ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுப்பார். அது சப்வூஃபரை, அதாவது அடித்தாளத்துக்கான பெரிய ஸ்பீக்கரை, அதிர வைக்கும். "கம்பெனிக்காரன் வாய நான் கட்டல. பக்கத்துல இன்னொரு தொண்டை வெக்கறேன், அவ்வளவுதான்."

அவர் பட்டறைக்கு நான் போயிருந்த காலையில் ஒரு தம்பதி காரில் வந்தார்கள். கணவர் தச்சர், மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வேலை. இறங்கியதும் இறங்காததுமாக மனைவி சொன்னார்: "அக்கா, இவரே மாட்டின எல்லாத்தையும் பிடுங்கிடுங்க. பாட்டு அதிர்ந்தா ஹெட்லைட் மினுக்குது. ஞாயித்துக்கிழமை ஏதோ தீயற வாடை. பின்சீட்டுல பாப்பா தூங்கிட்டிருந்தா."

தச்சர் தரையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை என்பது, ஆளுக்கொரு கதவோரம் நின்ற தூரத்திலேயே தெரிந்தது.

இடியக்கா முதலில் டிக்கியைத் திறந்தார். சப்வூஃபர் பெட்டி, தச்சர் தன் கையால் இழைத்தது. மூலைகளில் விரலை ஓட்டினார். காற்றுப் புக இடமில்லாத இணைப்பு. "பெட்டி தங்கம், தம்பி" என்றார். தச்சர் கொஞ்சம் நிமிர்ந்தார்.

பிறகு முன்பக்கம் வந்து, என்ஜினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவிலிருக்கும் தகரச் சுவரில் டார்ச் அடித்தார். "ஒயர்தான் எமன்."

பேட்டரியிலிருந்து வந்த தடித்த சிவப்பு ஒயர், தகரத்தில் துளைத்த ஓட்டை வழியே உள்ளே போயிருந்தது. ஓட்டைக்கு ரப்பர் வளையம் இல்லை. கார் குலுங்கக் குலுங்க, தகர விளிம்பு ரம்பம்போல் அறுத்துச் செம்பைக் காட்டியிருந்தது. பேட்டரிப் பக்கம் ஃப்யூஸும் இல்லை. அந்த ஒயர்தான் குழந்தை தூங்கும் இருக்கைக்கு அடியில் ஓடியது.

தச்சரை மட்டும் அருகே கூப்பிட்டுக் காட்டினார். அவர் முகம் வெளிறியது. மூடி மறைத்திருக்கலாம். ஆனால் தச்சர் டார்ச்சைக் கொண்டுபோய் மனைவி கையில் கொடுத்தார். "நீயே பாரு. தப்பு என்னுதுதான்."

மனைவி குனிந்து பார்த்தார். திட்டவில்லை. கணவரின் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகலதானே? அப்புறம் என்ன?" என்றார் இடியக்கா. "பிடுங்கச் சொன்னா பிடுங்கிடறேம்மா. ஆனா பெட்டி என்ன பாவம் பண்ணிச்சு?"

மனைவி யோசித்தார். "பயமில்லாம இருக்கும்னா மாட்டுங்கக்கா."

மூன்று மணி நேரம் ஆயிற்று. புது ஒயர், ஓட்டைக்கு ரப்பர் வளையம், பேட்டரியிலிருந்து ஒரு சாணில் ஃப்யூஸ். பெயின்ட்டின் மேலேயே முடுக்கியிருந்த எர்த் ஒயரைக் கழற்றி, அந்த இடத்தை இரும்பு மின்னும்வரை சுரண்டி மறுபடி இறுக்கினார். "ஃப்யூஸ் மாமியார் மாதிரிம்மா. சும்மா உக்காந்திருக்கற மாதிரி இருக்கும். தப்பு நடந்தா மொதல்ல வெடிக்கும். அது வெடிச்சாதான் குடும்பம் தப்பும்." மனைவி முதன்முறையாகச் சிரித்தார்.

பாட்டைப் போட்டார்கள். இசை நெஞ்சுக்கூட்டில் வந்து முட்டியது. எதிர்ச்சுவரில் விழுந்த ஹெட்லைட் வெளிச்சம் இம்மியும் அசையவில்லை. தச்சர் அவசரமாக ஒலியைக் குறைக்கக் கை நீட்டினார். "இருக்கட்டும் விடுங்க" என்றார் மனைவி, முன்சீட்டில் சாய்ந்தபடி.

கார் தெருமுனை திரும்பியதும் இடியக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கழற்றிய சிவப்பு ஒயரில், அறுபட்ட இடம் தவிர, நாலு மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. கத்திரியை எடுத்தார். ஒரு முனையிலிருந்து தொடங்கி, இனி யாரும் எடுத்து எந்தக் காரிலும் மாட்ட முடியாதபடி, விரல் நீளத் துண்டுகளாக, கடைசிவரை நறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.