ஊட்டி வெளி மாநிலம் ஆனபோது

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலில் அழைத்துப் போவதாக என் மனைவிக்குக் கல்யாணமான புதிதில் வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கே வண்டி மாறுவது, பள்ளத்தாக்கு தெரிய எந்தப் பக்கம் உட்காருவது என்பதெல்லாம் ஒரு தாளில் தயாராக இருந்தது. அதற்குள் ஆந்திரா தனி மாநிலமாகிவிட்டது. சித்தூரில் எங்கள் சர்க்கார் ஆபீஸ் மானேஜர் என் லீவு மனுவை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"ஊட்டி இப்ப வேற ஸ்டேட்டுப்பா. சர்க்கார் உத்தியோகத்துல இருக்கறவன் எல்லை தாண்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும். திருப்பதிக்கு இட்டுக்கினு போயேன், அதுவும் மலைதானே?"

மனுவை அவர் மேலே அனுப்பவே இல்லை. அடுத்தடுத்த வருஷங்களில் நான் கொடுத்தவையும் அவர் மேஜையிலேயே மட்கின.

பிறகு எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி மதராஸ் மாநிலத்துக்குப் போயிற்று. மானேஜரின் குடும்பம் இருந்தது திருத்தணியில். சனிக்கிழமை தவறாமல் வீட்டுக்குப் போகிறவர். அனுமதி மனுக்களைப் பதிந்து கலெக்டருக்கு அனுப்பும் வேலை அப்போது என் கையில் இருந்தது. அவர் முன் நின்று, பணிவாக விதியைப் படித்துக் காட்டினேன்.

"இன்னாப்பா, சொந்த வீட்டுக்குப் போறதுக்குமா?"

"வேற ஸ்டேட்டாச்சே சார்."

மனு எழுதிக் கொடுத்தார். தன்னுடையது சீக்கிரம் போகும் என்ற நம்பிக்கையில் என் மனுவிலும் கையெழுத்திட்டார். எனக்கு அடுத்த வாரமே அனுமதி வந்தது. அவருடைய மனுவை டிராயரில் பூட்டி, சாவியோடு ரயிலேறினேன்.

குன்னூரில் வண்டி நின்றபோது சனிக்கிழமை காலை.

"இன்னா, தானா சிரிச்சிக்கினு வர்றீங்க?" என்றாள் மனைவி.

பள்ளத்தாக்கைப் பார்க்கச் சொன்னேன்.