பெரியம்மாவின் மூச்சு

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்கு நேரமில்லை. இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், முன்னால் வைத்த காபி ஆறுவதற்குள்.

பழைய பாட்டு டேப்புகளைச் சுத்தம் செய்வது என் வேலை. இரைச்சலை எடுப்பேன், தேய்ந்த இடத்தைச் சரிசெய்வேன். ஒரு நாள் கம்பெனி முதலாளி, பழைய முதலாளியின் மகன், ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே எழுபதுகளில் என் பெரியம்மா பாடிய ஆல்பம். எல்லாமே தாலாட்டு மாதிரி மெல்லிய காதல் பாட்டுகள். அதோடு அவள் பாடுவதையே விட்டுவிட்டாள். இப்போது உயிரோடும் இல்லை. அவள் குரல் என்று உலகத்தில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

அம்மா அந்த ரெக்கார்டை வீட்டில் போட விட்டதே இல்லை. "அது எங்க அக்காவே இல்ல. அவ மாடியில இருந்து கூப்பிட்டா தெருக்கோடியில படுத்திருக்கற நாய் எழுந்து ஓடும். இதுல யாரோ போர்வைக்குள்ள பாடற மாதிரி இருக்கு" என்பாள். இப்போது அம்மாவுக்குக் காது மந்தமாகி வருகிறது. முழுதாகப் போவதற்குள் அக்காவின் குரலை ஒரு தடவையாவது அவளுக்குக் கேட்கவைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

முதலாளி சொன்னது ஒன்றே ஒன்றுதான். "மூச்சு இழுக்கற சத்தம் இருந்தா எடுத்துடு. பஞ்சு மாதிரி இருக்கணும்."

டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, குரலை மட்டும் தனியாகப் பிரித்தேன். மூச்சு இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால், ஹ்ஹ்... என்று. முதல் பாட்டில் இருந்ததை எல்லாம் வெட்டிவிட்டு ஓட்டினேன்.

ஹ்ஹ்...

சேமிக்க மறந்திருப்பேன் என்று மறுபடி வெட்டினேன். திரையில் அந்த இடம் தட்டையாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. ஓட்டினேன். மூச்சு கேட்டது. இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக.

கம்ப்யூட்டரைத் திட்டினேன். ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். எல்லாப் பாட்டிலும் வெட்டித் தள்ளினேன். பிடிவாதம் எங்கள் வீட்டுப் பெண்களின் பரம்பரைச் சொத்து. எனக்கு மட்டும் குறைவாகவா வந்திருக்கும்?

கடைசியில் ஸ்பீக்கரை அணைத்தேன்.

ஹ்ஹ்... ஹ்ஹ்...

என் நாற்காலிக்குப் பின்னால்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவு சாத்தியிருந்தது. ஏசி ஓடவில்லை.

திரும்பிப் பார்க்க உடம்பு மறுத்தது. பிடரியில் காற்று பட்டது. சில்லென்று. அது திணறிக்கொண்டிருந்தது, தண்ணீரில் அமுக்கப்பட்டவள் மேலே வந்து இழுப்பது போல...

என் நெஞ்சு அடைத்தது.

இழுத்தேன். காற்று வரவில்லை.

மறுபடி...

வரவில்லை.

செத்தேன் என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. பெரியம்மா மேல் இல்லை. பஞ்சு கேட்டவர் மேல். சரி என்று தலையாட்டிய என் மேல்.

விரல் மட்டும் அசைந்தது. வெட்டியதை எல்லாம் அதனதன் இடத்தில் திரும்ப வைத்தேன்.

கடைசி மூச்சை வைத்ததும் என் நெஞ்சுக்குள் காற்று புகுந்தது.

அணைத்திருந்த ஸ்பீக்கரில் அவள் பாடினாள். அதே மெட்டு, அதே வரி. ஆனால் தொண்டையை முழுசாகத் திறந்து. காபிக் கோப்பை கடகடவென்று ஆடியது. ஒரு வரிதான். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

முதலாளிக்கு போன் போட்டேன்.

"மூச்சு அப்படியேதான் இருக்கும். எடுக்க மாட்டேன்."

"வேற ஆள வெச்சு எடுத்துக்கறேன்."

"எடுத்துப் பாருங்க. அந்த ஆளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல."

என் குரலில் என்ன கேட்டதோ, அவர் வேறு ஆளைத் தேடவில்லை. ஆல்பம் மூச்சோடுதான் வெளிவந்தது.

அம்மாவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். பாட்டு தொடங்கவே இல்லை, முதல் மூச்சிலேயே அழுதுவிட்டாள். "இது அக்காதான்டீ. என்னைத் திட்டறதுக்கு முன்னாடி இப்படித்தான் இழுப்பா."

கதை இதோடு முடிந்திருந்தால் நானே மனப்பிரமை என்று விட்டிருப்பேன். ஒரு மாதம் கழித்து, அந்தக் காலத்தில் இந்த ஆல்பத்தைப் பதிவுசெய்த ஒலிப்பதிவாளர் போன் செய்தார். வயதானவர்.

"அந்த மூச்செல்லாம் எங்கேருந்தும்மா எடுத்துப் போட்டே?"

"டேப்புல இருந்ததுதான் சார்."

"அதுல மூச்சே கிடையாதும்மா. பெரிய முதலாளி சொல்லி, ஒண்ணு விடாம அழிச்சது நான்தான். உங்க பெரியம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டே இருந்தாங்க."

"ஏதாவது சொன்னாங்களா?"

"'அழிங்க. நான் வந்து திரும்ப வெச்சுக்கறேன்'னாங்க. கோவத்துல சொல்றாங்கன்னு நெனச்சோம்."

அன்றே பெட்டியிலிருந்த டேப்பை மாட்டிக் கேட்டேன். வரிக்கும் வரிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

ஆல்பம் கடையில் இருக்கிறது. வாங்கினால் கடைசிப் பாட்டு முடிந்ததும் உடனே அணைத்துவிடாதீர்கள். அங்கே இன்னொரு மூச்சு கேட்கும். நீளமாக. அதற்குப் பிறகு வரி கிடையாது. அதை நான் வைக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன்.