தென்னைமரத்து இளவரசின் இரண்டாவது ட்ரோன்

சிதம்பரத்தில் போட்டோக்கார இளவரசு என்று கேட்டால், எந்த இளவரசு என்பார்கள். தென்னைமரத்து இளவரசு என்றால் ஆட்டோக்காரரே கடை வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். ஊரெல்லாம் கல்யாணம் எடுத்துக் கொடுத்த மனுஷனுக்கு இப்படியொரு பட்டம் கொடுத்த ஊரை என்னவென்று சொல்வது.

கம்மாபுரத்துக் கல்யாணம் ஒன்றில் வந்த வினை அது. பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து நடந்து வர, ட்ரோனை அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டு போய் மொத்தப் பந்தலையும் காட்ட ஆசைப்பட்டார். அந்தப் பழைய ட்ரோனுக்கு வயிற்றில் மட்டும்தான் சென்சார். கீழே தரை தெரியும்; முன்னும் பின்னும் ஒன்றும் தெரியாது. பின்னால் நின்ற தென்னையில் மோதி, நேரே சாம்பார் அண்டாவுக்குள் போய் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் யாரோ செல்போனில் பிடித்த வீடியோ மாவட்டம் முழுக்கச் சுற்றியது. அதற்குப் பிறகு கல்யாண வீட்டார் கேமராவுக்கு இவரையும், ட்ரோனுக்கு வேறு ஆளையும் கூப்பிட்டார்கள். வெளியே சிரித்து மழுப்பினாலும் அவருக்கு அது வலித்தது.

இந்த நிலையில் மனைவி கலைமணியின் தம்பி சடையப்பன் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பத்திரிகையோடு வந்தார். மகள் கயல்விழிக்குக் கல்யாணம். காபியைக் குடித்து முடித்துவிட்டு மெல்ல இழுத்தார்.

"போட்டோ, வீடியோ எல்லாம் நீங்கதான் மாமா. ட்ரோனுக்கு மட்டும் ஆள் சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொந்த மாமனையே வெளிய நிறுத்துறியா மச்சான்? மாப்பிள்ளை அழைப்பன்னிக்கு ஒரு வாட்டி நான் பறக்க விடறேன். சரியில்லன்னா உன் ஆளே எடுக்கட்டும். அப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கல."

சடையப்பன் அக்காவைப் பார்த்தார். கலைமணி தலையசைத்தாள். சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே இளவரசு கடலூரில் சார்லஸ் கடையில் நின்றார். மேசைமேல் ஒரே மாதிரி இரண்டு ட்ரோன்கள். பெயரில் ஒரு நம்பர்தான் வித்தியாசம். வாங்க வருகிறவர்கள் எல்லாரும் படத்தின் தெளிவு எத்தனை கே என்றுதான் கேட்பார்கள். இவர் அதைக் கேட்கவே இல்லை. இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலாவதுக்கு வயிற்றில் மட்டும் சென்சார். இரண்டாவதுக்கு மூக்குக்கு மேலே இரண்டு, பின்பக்கம் இரண்டு, சின்னச் சின்னக் கறுப்பு வட்டங்களாக இருந்தன. நாலு பக்கமும் சென்சார் வைத்த பெரியது ஒன்றும் இருந்தது. ஆனால் அது கால் கிலோவைத் தாண்டியதால், அதை ஓட்ட லைசென்ஸ் அது இதென்று அலைச்சல் ஜாஸ்தி என்றார் சார்லஸ்.

"என்கிட்ட இருக்குற பேட்டரி, இறக்கையெல்லாம் இதுல சேருமா?"

"சேராதுண்ணே. பேர்லதான் ஒரு நம்பர் மாறியிருக்கு. மத்தது எல்லாமே வேற. பழசு நெனப்புல இதைத் தொடாதீங்க."

இரண்டாவதை வாங்கினார். கண்டவர்களிடமெல்லாம், "இதுக்குக் கண்ணு இருக்கு, தெரியுமில்ல" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று காலையில் கலைமணி, புதுப் பொருளுக்குச் செய்கிற மாதிரியே ட்ரோனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். பழையதுக்கும் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதே மூக்கில்தான் வைப்பாள். இளவரசும் பார்த்தார், லட்சணமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பையில் வைத்தார்.

சாயங்காலம் ஸ்ரீமுஷ்ணத்தில் அறுப்பு முடிந்த வயலோரம் ட்ரோன் ஏறியது. வலப்பக்கம் போனது, இடப்பக்கம் போனது. முன்னால் மட்டும் ஓர் அடி நகரவில்லை. முன்னால் தடை என்று திரை சிவப்பாகக் கத்தியது. எதிரே வெறும் ஆகாயம். சொந்தக்காரர்கள் சிலர் முந்தானையிலும் துண்டிலும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"மாமா, அந்த ஆளுக்கு போன் போடட்டுமா?" என்றார் சடையப்பன். குரலில் கேலி இல்லை. அதுதான் இளவரசுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

சார்லஸ் பழைய வெர்ஷனை மாற்றிக் கொடுத்துவிட்டானோ என்று ஒரு கணம் நினைத்தார். இல்லை. பழையதாக இருந்தால் தன்பாட்டுக்குப் போயிருக்குமே தவிர இப்படி நிற்காது. நிற்கிறதென்றால் எதையோ பார்க்கிறது. கீழே இறக்கிக் கையில் எடுத்தார். மூக்குக்கு மேலே இருந்த இரண்டு கறுப்பு வட்டங்களிலும் அளவெடுத்தாற்போல் சந்தனம், நடுவில் குங்குமம்.

"என்னா கலை இது, கண்ணுலயே வச்சிருக்கியே."

"பொட்டு வைக்கத்தான் ரெண்டு வட்டம் போட்டிருக்கான்னு நெனச்சேன்" என்றாள் கலைமணி. அவள் முகம் சுருங்கிவிட்டது. "கண்ணு இருக்குது, கண்ணு இருக்குதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்க. எங்க இருக்குதுன்னு எனக்குக் காட்டுனீங்களா?"

இளவரசு டீக்கடையில் காட்டினார், பால்காரரிடம் காட்டினார். வீட்டில் காட்டவில்லை. அது நிஜமாகவே சுட்டது.

அவளிடமே ட்ரோனைக் கொடுத்தார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, வயிற்றில் இரண்டு என்று அவள் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். சடையப்பன் காத்திருந்தார். கலைமணி முந்தானையை நனைத்துப் பதமாகத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

இந்த முறை ட்ரோன் சொன்னபடி கேட்டது. மாப்பிள்ளை கார் வர, மேளம் முழங்க, இளவரசு கம்மாபுரத்தில் செய்த அதே வேலையைச் செய்தார். ட்ரோனைப் பின்னால் இழுத்தார்.

"மாமா, பின்னாடி தென்னமரம்" என்றார் சடையப்பன் பதறிப்போய்.

இளவரசு கையை எடுக்கவில்லை. மட்டைக்குச் சற்று முன்னால் அது தானாக நின்றது. திரையில் பந்தலும் காரும் ஊரும் முழுசாகத் தெரிந்தன. சடையப்பன் செல்போனை எடுத்துச் சற்றுத் தள்ளிப் போனார்.

"தம்பி, நாளைக்கு நீங்க வர வேணாம்ப்பா. எங்க மாமாவே எடுக்கிறாரு."

மறுநாள் முகூர்த்தத்துக்கு முன் கலைமணி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். ட்ரோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண் இல்லாத இடமாக முதுகில் ஒரு பொட்டு வைத்தாள். விரலில் மிச்சமிருந்ததை இளவரசின் நெற்றியில் வைத்தாள், கண்ணைவிட்டு நன்றாகவே தள்ளி.